செஞ்சிக் கோட்டைக்கு ஒருநாள்: மலையை முதலில் முடியுங்கள்

செஞ்சிக்குப் போய்வந்தவர்களில் பலர் சொல்வது ஒன்றுதான்: "பாதி மலை ஏறினோம், வெயில் தாங்கல, இறங்கிட்டோம்." அதற்குக் கோட்டையைக் குறை சொல்லிப் பயனில்லை. சென்னையில் ஏழரைக்குக் கிளம்பி, வழியில் டிபனுக்கு ஒரு மணி நேரம் செலவழித்து, பதினொன்றரைக்குச் சீட்டு வாங்கி, கீழ்க்கோட்டை மண்டபங்களை எல்லாம் நிதானமாகப் படம் எடுத்து முடித்து, பன்னிரண்டரைக்கு ராஜகிரிப் படியில் கால் வைத்தால் வேறென்ன நடக்கும்? இந்தக் கோட்டையை நல்லபடியாகப் பார்ப்பதும் பார்க்காமல் திரும்புவதும் நீங்கள் எடுக்கும் வரிசையில் இருக்கிறது. மலை முதலில், கீழ்க்கோட்டை இறங்கும்போது, சுற்றியுள்ள குடைவரைக் கோவில்கள் (பாறையைக் குடைந்து எடுத்தவை) வெயில் சாய்ந்த பிறகு.

இடம் எங்கே என்பதில் ஒரு குழப்பம் உண்டு. விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், திண்டிவனத்துக்கு மேற்கே 28 கிலோமீட்டரில் செஞ்சி ஊர். கோட்டை வாசல் ஊருக்குள் இல்லை. பேருந்து நிலையத்திலிருந்து திருவண்ணாமலைப் பக்கமாக இன்னும் 2 கிலோமீட்டர் போக வேண்டும். அங்கே நெடுஞ்சாலை கோட்டையை ஊடறுத்துப் போகிறது. இடப்பக்கம் ராஜகிரி, வலப்பக்கம் கிருஷ்ணகிரி. மூன்றாவதான சந்திரகிரி தெற்கே தள்ளி நிற்கிறது. கைபேசி வரைபடத்தில் "கிருஷ்ணகிரி கோட்டை" என்று மட்டும் தேடாதீர்கள். இதே நெடுஞ்சாலை நேராகப் போய்ச் சேருமிடம் கிருஷ்ணகிரி என்ற மாவட்டத் தலைநகர். அங்கேயும் ஒரு மலைக்கோட்டை இருக்கிறது, இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல். "செஞ்சி ராஜகிரி" என்று சேர்த்துப் போட்டால் சரியாக வாசலில் விடும்.

செஞ்சியில் ரயில் நிலையம் கிடையாது. ரயிலில் வருபவர்கள் திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். சென்னை கிளாம்பாக்கத்திலிருந்து திண்டிவனம் வழியாகத் திருவண்ணாமலை போகும் பேருந்துகள் செஞ்சியில் நிற்கும். மூன்று, மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். பேருந்து நிலையத்தில் இறங்கியதும் கோட்டைக்கு ஆட்டோ. பக்கத்திலுள்ள சிங்கவரம் குடைவரைக் கோவிலுக்கும் போவதாக இருந்தால் அங்கேயே அரைநாளுக்குச் சேர்த்துப் பேசிவிடுவது நல்லது. கோட்டை வாசலில் இருந்து திரும்பி வர ஆட்டோ தேடுவது சாயங்காலத்தில் சிரமம். காரில் வருபவர்கள் சென்னையில் ஐந்தரைக்குக் கிளம்பினால் பரனூர், ஆத்தூர் சுங்கச்சாவடிகளை நெரிசலுக்கு முன்பே தாண்டிவிடலாம்.

தேதி குறிக்கும் முன் நாள்காட்டியைப் பாருங்கள். இது கோவில் பயணம் இல்லையே என்று நினைப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மன் கோவிலில் ஊஞ்சல் உற்சவம்; செஞ்சி வழியாகத்தான் கூட்டம் போகும், பேருந்தில் கால் வைக்க இடமிருக்காது. ஆடி அமாவாசை இன்னும் மோசம். பௌர்ணமி என்றால் திருவண்ணாமலை கிரிவலம். சென்னை வண்டிகள் பெருவாரியாக இதே சாலையில்தான் வரும். வெள்ளிக்கிழமை காலை செஞ்சியில் வாரச்சந்தை, ஆட்டு வியாபாரத்துக்குப் பேர்போனது. அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் மூட்டை ஏற்றி வரும் வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். இவை எதுவும் இல்லாத ஒரு வாரநாள் கிடைத்தால் அதைவிடச் சிறப்பு இல்லை. மாதம் என்று பார்த்தால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. மழை விட்ட கையோடு போனால் குளங்கள் நிறைந்து கிடக்கும், ஆனால் பாறைப்படிகள் வழுக்கும். மார்ச் பாதிக்கு மேல் ராஜகிரி ஏற நினைப்பவர்கள் காலை முதல் ஆளாக வாசலில் நிற்க வேண்டும். இல்லையென்றால் கிருஷ்ணகிரியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

திறப்பு காலை 9, மூடுவது மாலை 5. மலை ஏற விடுவது 5 வரை அல்ல. பிற்பகலிலேயே ஏற்றத்தை நிறுத்திவிடுவார்கள். ஒன்றரைக்குப் பிறகு ராஜகிரி இல்லை என்று வைத்துத் திட்டமிடுங்கள். நுழைவுச்சீட்டு இந்தியருக்கு 25 ரூபாய், 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இல்லை. ஒரே சீட்டில் இரு மலைகளும் பார்க்கலாம், அதனால் ராஜகிரி முடிந்ததும் சீட்டைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். கைபேசியில் பணம் செலுத்த முடியாத நாளும் வரும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ராஜகிரி. உயரம் சுமார் 800 அடி. படிகள் ஆயிரத்துக்கும் மேல். எண்ணிக்கை அல்ல, படியின் உயரம்தான் ஆளைச் சாய்க்கிறது. ஒரு படி அரையடி, அடுத்தது ஒன்றேகால் அடி; மூச்சுக்கு ஒரு தாளம் கிடைக்காது. ஏற ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம், மேலே அரை மணிக்குக் குறையாமல், இறங்க முக்கால் மணி நேரம். மொத்தம் மூன்று மணி நேரம் என்பது நல்ல கணக்கு. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். மேலே வாங்க ஒன்றும் கிடைக்காது. அதில் அரை லிட்டரில் உப்பும் எலுமிச்சையும் கலந்துகொள்ளுங்கள். காலையில் நாலு இட்லி போதும். பொங்கலும் வடையுமாக ஒரு பிடி பிடித்துவிட்டு ஏறினால் கமலக்கண்ணியம்மன் கோவிலுக்கு மேல் கால் நகராது. தேய்ந்த செருப்பு வேண்டாம். இறங்கும்போது, மணல் படிந்த வழவழப்பான பாறையில்தான் வழுக்கி விழுகிறார்கள். ஏறும்போது விழுந்தவர்கள் குறைவு.

குரங்குகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கையில் பிளாஸ்டிக் பை தெரிந்தாலே அதற்குள் தீனி இருக்கிறது என்று அவை முடிவுகட்டிவிடும். தோள்பையின் பக்கவாட்டு வலையில் செருகிய தண்ணீர்ப் பாட்டிலும் அப்படித்தான் போகும். எல்லாவற்றையும் ஜிப் போட்ட ஒரே முதுகுப்பைக்குள் அடக்குங்கள். படியில் உட்கார்ந்து பிஸ்கட் பிரிக்காதீர்கள். குரங்கு பிடித்து இழுத்தால் விட்டுவிடுங்கள். படியில் நின்று மல்லுக்கட்டும் இடம் அது அல்ல.

ஏறும் வழியிலேயே கோட்டையின் புத்தி புரிந்துவிடும். ஒரு வாசலைத் தாண்டியதும் நேர்வழி கிடைக்காது. திரும்ப வேண்டும், திரும்பினால் மேலே ஒரு மதில் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அடுத்த வாசல், அடுத்த திருப்பம். ஏறி வருபவனின் மூச்சை வாங்கி, மேலே இருப்பவன் எதிரில் நிறுத்துவதுதான் இந்த அமைப்பு. மதிலும் பாறையும் எங்கே ஒட்டுகின்றன என்று கவனியுங்கள்: உருண்டைப் பாறைகள் இயற்கையாகக் கிடந்த இடத்தில் மதில் கட்டவில்லை, இடைவெளியை மட்டும் அடைத்திருக்கிறார்கள். உச்சிக்குச் சற்று முன்பு சுமார் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் கொண்ட இயற்கைப் பிளவு ஒன்று குறுக்கிடும். இப்போது பாலம் போட்டிருக்கிறது. அந்தக் காலத்தில் மரப்பாலத்தை எடுத்துவிட்டால் உச்சிக்கு வேறு வழி இல்லை. சில பேர் நின்று ஒரு படையை மறித்திருக்கலாம். பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தால், முகலாயப் படை 1690 முதல் 1698 வரை ஏன் இந்த ஊரைச் சுற்றிக் கிடந்தது என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது. அத்தனை ஆண்டுக்குப் பிறகு கோட்டை விழுந்தபோதும், உள்ளே இருந்த மராட்டிய அரசர் ராஜாராம் தப்பிவிட்டார்.

உச்சியில் அரங்கநாதர் கோவில், மணிக்கூண்டு, களஞ்சியம், பீரங்கி. கட்டடங்களைவிடக் காட்சிதான் இங்கே கூலி. மூன்று மலைகளையும் இணைத்து வயலுக்கு நடுவே ஓடும் மதிலின் முழுக்கோடும் இங்கிருந்துதான் தெரியும். சுற்றளவு 13 கிலோமீட்டர் என்று படித்தால் எண். மேலே நின்று பார்த்தால்தான் அளவு. காற்று பலமாக அடிக்கும், தொப்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இறங்கிய பிறகு கீழ்க்கோட்டை. ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். முதியவர்களோ சிறு பிள்ளைகளோ உடன் வந்திருந்தால் மலை ஏறுபவர்கள் போய்வரும்வரை அவர்கள் இதை மட்டும் பார்க்கலாம்; பெரும்பாலும் சமதரை, மரநிழலும் உண்டு. எல்லாரும் படம் எடுப்பது கல்யாண மகாலைத்தான். சதுர முற்றத்தின் நடுவே எட்டு அடுக்கு கோபுரம், அடுக்குக்கு ஓர் அறை. மண் குழாய் வழியே மதிலுக்கு வெளியில் இருந்த குளத்துத் தண்ணீரை மேல் அடுக்குகளுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். குளம் உயரத்தில் இருக்க, நீர் தன் அழுத்தத்திலேயே ஏறியிருக்கும். நேரே படம் எடுத்துவிட்டு ஓடாமல் சுவரோடு போகும் குழாய்த் தடங்களைத் தேடிப் பாருங்கள். அடுத்து களஞ்சியம். வளைவுக் கூரை, பருத்த சுவர், உள்ளே நடுப்பகலிலும் குளுமை. வெயிலில் வந்தவர்கள் உட்கார நல்ல இடம் இதுதான். அரண்மனை இருந்த இடத்தில் அடித்தளம் மட்டும் மிச்சம். அருகே மேடையில் சாய்ந்துகொள்ளக் கல்லிலேயே செதுக்கிய திண்டு கிடக்கிறது. யானைக்குளம் பக்கத்தில்தான்.

பெரும்பாலோர் இத்தோடு வெளியேறிவிடுகிறார்கள். அது தவறு. கோட்டையின் புதுச்சேரி வாசல் பக்கம் வெங்கடரமணர் கோவில் இருக்கிறது, செஞ்சியிலேயே சிற்பத்துக்காகப் பார்க்க வேண்டிய ஒரே இடம் என்று சொல்வேன். நாயக்கர் காலத்தது. கோபுர வாசலுக்குள் நுழைந்ததும் நேராகப் போய்விடாமல் இரு பக்கச் சுவர்களையும் பாருங்கள். பாற்கடல் கடைதல், இராமாயணக் காட்சிகள் சிறு சிறு பலகைகளாக ஓடும். சாய்ந்த வெளிச்சம் வேண்டும், எனவே மூன்று மணிக்குப் பிறகு. உள்ளே சில இடங்களில் தூண் இருந்திருக்க வேண்டிய இடம் காலி. ஒற்றைக்கல் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை செஞ்சித் தூண்கள்தாம். அருகில் சாதத்துல்லா கான் பள்ளிவாசல். செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜனை 1714இல் வென்ற ஆர்க்காட்டு நவாப் அவர். தேசிங்கை எரியூட்டியது செட்டிக்குளக் கரையில் என்பது ஊர் வழக்கு. அவருடன் உடன்கட்டை ஏறிய ராணியின் நினைவாகவே நவாப் ராணிப்பேட்டை என்று ஊருக்குப் பெயர் வைத்தார் என்றும் சொல்வார்கள். தெருக்கூத்தும் கதைப்பாட்டும் தேசிங்குக்குக் கொடுத்த இடத்தை வரலாறு கொடுக்கவில்லை. பத்து மாதம்கூட ஆண்டிருக்க மாட்டார், ஆனால் செஞ்சி என்றால் தமிழர் நாவில் வருவது சிவாஜி அல்ல, தேசிங்குதான்.

சிவாஜி 1677இல் கோட்டையைப் பிடித்து மதில்களைப் பலப்படுத்தினார். அந்தத் தொடர்பால்தான் 2025 ஜூலையில் "மராட்டியர் இராணுவ நிலவமைப்புகள்" என்ற பெயரில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் செஞ்சி இடம்பெற்றது. 12 கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றே. பட்டம் வந்துவிட்டது என்று வசதிகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள். எந்தக் கட்டடம் எந்தக் காலத்தது என்று விளக்கும் பலகைகள் போதாது, படித்துவிட்டுப் போங்கள். கோன் மரபினர், விஜயநகரம், நாயக்கர், 1649 முதல் பீஜப்பூர், மராட்டியர், முகலாயர், 1750 முதல் பிரெஞ்சு, 1761இல் ஆங்கிலேயர் என்ற வரிசை மனத்தில் இருந்தால் போதும். கழிப்பறையை வாசலிலேயே முடித்துக்கொள்ளுங்கள், மலையில் கிடையாது.

கிருஷ்ணகிரிக்குப் போகலாமா? முழங்கால் சரியில்லாதவர்களுக்கும் நேரம் குறைவானவர்களுக்கும் ராஜகிரிக்குப் பதில் இதைத்தான் பரிந்துரைப்பேன். ராணிக்கோட்டை என்பார்கள். அரை மணிக்குச் சற்றுக் கூடுதலாக ஏறினால் உச்சி. ஏறி இறங்க ஒன்றரை மணி நேரம், 1 லிட்டர் தண்ணீர். மேலே குவிமாடக் கூரையோடு ஒரு தர்பார் மண்டபம், நான்கு பக்கமும் சாளரம். அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. பெரிய களஞ்சியங்களும், எண்ணெய்க் கிணறு, நெய்க் கிணறு என்று சொல்லப்படும் தொட்டிகளும் இங்கே உண்டு. இரண்டு மலைகளையும் ஒரே நாளில் ஏறுபவர்கள் இருக்கிறார்கள். பழகிய கால்களுக்கு முடியும், ஆனால் கீழ்க்கோட்டைக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் நேரம் மிஞ்சாது. சந்திரகிரியை விட்டுவிடுங்கள். பராமரிப்பில்லாத பாதை, முள், மேலே சிதிலங்கள்.

சாப்பாடு செஞ்சி ஊருக்குள்தான். பிரமாதம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள மெஸ்களில் மதியச் சாப்பாடு நேர்மையாக இருக்கும், இரண்டரைக்கு மேல் போனால் கூட்டு பொரியல் தீர்ந்திருக்கும். கோடையில் திண்டிவனம் சாலையோரம் தர்பூசணி, நுங்கு. மலை இறங்கிய வயிற்றுக்கு முதலில் அதுதான் சரி.

சிங்கவரம் செஞ்சியிலிருந்து வடக்கே 5 கிலோமீட்டருக்குள். குன்றில் குடைந்த பல்லவர் காலக் கோவில், நூற்றுச் சொச்சம் படிகள். பள்ளிகொண்ட அரங்கநாதர் 24 அடி நீளம், பாறையோடு பாறையாகச் செதுக்கியது. கருவறை குறுகலாக இருப்பதால் ஒரே பார்வையில் முழு உருவமும் அடங்காது. தலை, நடு, பாதம் என்று தீபத்தை நகர்த்தித்தான் அர்ச்சகர் காட்டுவார். பெருமாள் முகம் திரும்பியிருப்பதற்கு, தேசிங்கு போருக்கு விடை கேட்டபோது விருப்பமின்றித் திரும்பிக்கொண்டார் என்று கதை. மதியம் நடை சாத்தியிருக்கும், நான்கு மணிக்கு மேல் போங்கள். அதே வழியில் திருநாதர்குன்று. பாறை முகத்தில் இருபத்துநான்கு சமணத் தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். அங்கேயே, ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டு; தமிழில் 'ஐ' என்ற எழுத்து வடிவத்துக்கு மிகப் பழைய சான்றாக எழுத்தியல் அறிஞர்கள் காட்டுவது இதைத்தான். இருபது நிமிடம் போதும், கூட்டமே இருக்காது. எங்களிடம் கேட்டால், இந்தப் பயணத்தில் ராஜகிரிக்கு அடுத்த இடம் இதற்குத்தான். சமணத்தில் ஆர்வமிருந்தால் செஞ்சிக்குக் கிழக்கே மேல்சித்தாமூர் ஜினகாஞ்சி மடத்தையும் பார்சுவநாதர் கோவிலையும் திரும்பும் வழியில் சேர்க்கலாம். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் அதுவே.

விழுப்புரம் வழியாகத் திரும்புபவர்களுக்கு வேறு வழி. ஏறத்தாழ பாதித் தூரத்தில் பிரதான சாலையிலிருந்து பிரிந்து மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணுவுக்கு இந்தக் கோவிலை எடுத்ததாக முதலாம் மகேந்திரவர்மன் கல்வெட்டில் சொல்லிக்கொள்ளும் குடைவரை. கருவறைகள் வெறுமை, வாயிற்காவலர் இருவர்தான் பார்க்க வேண்டியது. தளவானூர் குடைவரையும் இதே பக்கம், முகப்பில் மகர தோரணம் உண்டு. பனைமலை ராஜசிம்ம பல்லவன் கோவிலையும் சேர்க்கச் சொல்வார்கள். அதன் பழைய ஓவியம் அரிது, உண்மைதான். ஆனால் அனந்தபுரம் வழியாகச் சுற்றிப் போக வேண்டும், ராஜகிரி ஏறிய நாளில் இருட்டிவிடும். இன்னொரு நாளுக்கு வையுங்கள்.

திருவண்ணாமலை 40 கிலோமீட்டர்தானே, கோவிலையும் பார்த்துவிடலாம் என்று வண்டியில் யாராவது நிச்சயம் சொல்வார்கள். தரிசன வரிசைக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள், சென்னை திரும்ப நள்ளிரவு தாண்டும். ஓட்டுநர் காலையில் உங்களோடு மலை ஏறியவர் என்றால் அதற்குச் சம்மதிக்காதீர்கள்.